இரண்டு பேர் இருந்தால் ஆடலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. இரண்டாவது முறையும் விடாமல் அடித்ததால் எடுத்தேன்.

"ஆண்ட்டி, நான் ரியாஸ் பேசுறேன். ஜமீலாவோட பையன். அம்மா காலைல மௌத்தாயிட்டாங்க ஆண்ட்டி."

ஃபஜர் தொழுகைக்கு எழுந்திருக்கிறார். தொழுதுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், ரியாஸ் டீ கொண்டுவந்தபோது போய்விட்டிருந்தார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லிவிட்டு ரியாஸ் கொஞ்சம் தயங்கினார். "உங்க நம்பரத் தேடுறதுக்குத்தான் லேட்டாயிடுச்சு. சுகந்தின்னு அம்மா போன்ல இல்ல. 'ரெண்டாவது ஆளு'ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. அது நீங்களாத்தான் இருக்கும்னு என் வீட்டுல சொன்னாங்க."

நான்தான். முருங்கைக்காயைக் கடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்த பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. இத்தனை வருடங்களாக என்னை அந்தப் பெயரில் வைத்திருந்தாரே, அதற்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றும் செய்யவில்லை.

சேலையூர் கேம்ப் ரோட்டுக்காரர்களுக்கு ஜமீலா அக்காவை ஷூ கடை ஜமீலாம்மாவாகத் தெரியும். ஜூன் மாதத்தில் அந்தக் கடை வாசலில் இடித்துப் பிடித்து நின்ற பெற்றோர்களுக்கு அவருடைய குரலும் தெரியும். ஷூவை மாட்டியதும் குழந்தையை நடக்கச் சொல்ல மாட்டார். "ரோட்டுப் பக்கம் போகாம இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு ஓடு கண்ணு" என்பார். பெற்றோர் முழித்தால், "நடக்கிற பிள்ளை எங்கங்க இருக்கு? ஓடுறதுக்குத்தானே ஷூ" என்பார். கடை அதிர எத்தனையோ பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு, ஜமீலாம்மா எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் முதல் கேப்டன் என்பது தெரியாது. அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாற்பது வருடங்களுக்கும் மேலாகிறது. பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. நான் முதலாம் ஆண்டு வணிகவியல். அக்கா மூன்றாம் ஆண்டு. ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் நோட்டுப் புத்தகத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 'பெண்கள் கூடைப்பந்து. காலை ஆறு மணி. விளையாடத் தெரிய வேண்டாம். எழுந்திருக்கத் தெரிந்தால் போதும். ஜமீலா, மூன்றாமாண்டு விலங்கியல்.'

எனக்கு விளையாடத் தெரியாது. எழுந்திருக்கவும் தெரியாது. உயரமாக இருக்கிறாய் என்று தோழிகள் தள்ளிவிட்டதால் போனேன்.

தூங்குமூஞ்சி மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கோர்ட். மாலையில் அது ஆண்களுக்கு. காலை ஆறிலிருந்து ஏழரை வரை எங்களுக்கு. ஒரு பக்கத்து வளையம், பையன்கள் தொங்கித் தொங்கிக் கீழே சாய்ந்திருந்தது. இருந்தது ஒரே பந்து. அடிக்கடி காற்று இறங்கும். சைக்கிள் கடையில் கொடுத்து அடைத்துக்கொண்டு வருவோம். விமானப்படைப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் விசில் சத்தம் கேட்காது. அக்கா கையைத் தூக்கி நிற்பார், நாங்களும் நிற்போம். விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து ஓடுவோம்.

அக்காவின் அத்தா தாம்பரம் மார்க்கெட் பக்கம் குடையும் பெட்டியும் விற்றவர். மகள் விளையாடுவதற்கு அவர் தடை சொன்னார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் போட்டது ஒரே நிபந்தனை. "தோத்துட்டு வந்து வூட்ல மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது." முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், அதற்கு மேல் ஜெர்சி. அக்கா அப்படித்தான் ஆடினார். சடையை மடித்து ரிப்பனால் இறுக்கிக் கட்டியிருப்பார். யாராவது உற்றுப் பார்த்தால், "வெயில் படாம கலரா இருக்கத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் நல்ல கறுப்பு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாங்களெல்லாம் தொடர்கதை படித்த காலத்தில் அக்கா ரூல் புத்தகம் படிப்பார். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் தேவசகாயம் சாரிடமிருந்து இரவல் வாங்கிய கூடைப்பந்து விதிப் புத்தகம் அது. பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, கல்லூரி பஸ்ஸிலும் கேண்டீனிலும் கையிலேயே வைத்திருப்பார். தேவசகாயம் சாரே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார். "ரூல் தெரிஞ்சுக்காம அழக் கூடாது சுகந்தி. மொதல்ல படிச்சுப் பாரு. அப்புறமும் அழுகை வந்தா அழு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இதை நான் வங்கி வேலையில் எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறேன். அவருக்கு நன்றி சொன்னதில்லை.

இனி எங்கள் முதல் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் போட்டி. மொத்தம் ஏழு பேர் நாங்கள். சார் முந்தின வண்டியில் போய்விட்டார். நாங்கள் தாம்பரம் ஸ்டேஷனில் கூடி, பீச் போகும் மின்சார ரயிலில் ஏற வேண்டும். ஐந்து பேர் ஏறினோம். பௌதிகப் பிரிவைச் சேர்ந்த இரண்டு தோழிகள், பேசிக்கொண்டே வந்தவர்கள், பேசிக்கொண்டே எதிர்ப்பக்கம் நின்ற செங்கல்பட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். ஜன்னல் வழியாக நாங்கள் கத்தினோம். அவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்! எங்கள் வண்டி வடக்கே போனது, அவர்கள் வண்டி தெற்கே போனது. வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டின பிறகுதான் அவர்களுக்கு உறைத்ததாம். இதில் பெரிய வேடிக்கை, ஜெர்சிப் பை அவர்கள் கையில் இருந்தது.

ஆடுகளத்துக்கு ஐந்து பேர் போய்ச் சேர்ந்தோம். போட்டிருந்த வெள்ளைச் சட்டைதான் சீருடை. எண் இல்லாமல் ஆட விட மாட்டார்கள். அக்கா முதலுதவிப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். கைக்குட்டைகளில் நீல மசியைத் தேய்த்து, அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டி, எங்கள் சட்டைகளின் முதுகிலும் மார்பிலும் ஊசியால் குத்தி எண்களைச் செய்தார். கூடைப்பந்தில் அப்போது எண்கள் நான்கிலிருந்து தொடங்கும். அக்கா நான்கு. நான் ஐந்து.

எதிரணி ஆடத் தெரிந்த அணி. நாங்கள் ஆர்வத்தில் எல்லோர் மீதும் போய் விழுந்தோம். ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும், மாற்றுக்கு எங்களிடம் ஆள் இல்லை. இடைவேளைக்குப் பிறகு எங்களில் உயரமானவள் வெளியே போனாள். அடுத்து இன்னொருத்தி. மூன்றாமவள் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். கடைசி நான்கு நிமிடங்கள் இருந்தபோது களத்தில் மிஞ்சியது ஜமீலா அக்காவும் நானும். என் கணக்கில் ஏற்கெனவே நான்கு ஃபவுல்.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நடுவர் நல்ல மனிதர். பக்கத்தில் வந்து, "ரெண்டே பேர்தாம்மா இருக்கீங்க. விட்டுடலாமா?" என்று கேட்டார்.

"விட்டுடலாம் அக்கா" என்று நான்தான் முதலில் சொன்னேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்து, "ரூல்ல இன்னா சார் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

நடுவர் சிரித்துவிட்டார். "ஆரம்பிக்க அஞ்சு பேர் வேணும். ஆரம்பிச்சுட்டா ரெண்டு பேர் இருந்தா ஆடலாம். ஒருத்தர் ஆயிட்டா மேட்ச் போச்சு."

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம் சார்."

பிறகு அக்கா என் காதருகே வந்து சொன்னார். "சுகந்தி, கையப் பின்னாடி கட்டிக்கோ. யாரையும் தொட்டுடாத. நீ வெளிய போனா எல்லாம் முடிஞ்சுது. நீ நின்னா போதும்."

அப்படித்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரணிக்காரிகள் ஓடும் வழியில் குறுக்கே போய்ப் போய் நின்றேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அக்கா மட்டும் ஐந்து பேருக்கு நடுவில் பந்துக்காக ஓடிக்கொண்டிருந்தார்.

அப்போது நடந்தது ஒன்று. எதிரணியின் கை பட்டுப் பந்து அவர்கள் வளையத்துக்குப் பின்னால் வெளியே போனது. நாங்கள் உள்ளே எறிய வேண்டும். அக்கா கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். உள்ளே இருப்பது நான் ஒருத்திதான். ஐந்து பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்காவை யாரும் பார்க்கவில்லை. வெளியே நிற்பவர் பந்தை எறியத்தானே முடியும், அவரை எதற்குப் பார்க்க வேண்டும்? அக்காவுக்கு மிக அருகில் இருந்தவள் முதுகைக் காட்டி நின்றாள். அக்கா பந்தை மெல்ல அவள் முதுகில் எறிந்தார். பட்டுத் திரும்பியது. உள்ளே ஓர் அடி வைத்து, பிடித்து, வளையத்தில் போட்டுவிட்டார்.

ஒரு கணம் எல்லோரும் திகைத்துப்போனார்கள். பிறகு எதிரணி கத்தியது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். அக்கா அமைதியாகச் சொன்னார். "பந்து உள்ள இருக்கிற ஆள் மேல பட்டுடுச்சு சார். அப்புறம் நான் தொடலாம். புக்ல இருக்கு, காட்டட்டுமா?"

நடுவர், இரண்டு புள்ளி என்று இரண்டு விரல்களைக் காட்டினார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

போட்டியில் தோற்றோம். எவ்வளவு வித்தியாசம் என்று கேட்காதீர்கள், அக்கா சாகும்வரை அதை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் விசில் ஊதும்வரை ஆடினோம். நாங்கள் வெளியே வரும்போது பௌதிகப் பிரிவுத் தோழிகள் இருவரும் ஜெர்சிப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள். "மேட்ச் எப்போ?" என்றார்கள். அக்கா அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கட்டளைப்படி வீட்டிலும் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்று அத்தா பின்னால் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் அக்கா இரண்டு முடிவுகளை அறிவித்தார். இனிமேல் ஜெர்சிகளை இரண்டு பைகளில் பிரித்து, இரண்டு பெட்டிகளில் ஏறும் இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும். இனிமேல் எங்கள் அணிக்குக் கேப்டன் ஒருவர் கிடையாது, இருவர். நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும். "ஒருத்திக்குக் கல்யாணம் ஆவும், ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தி செங்கல்பட்டு வண்டில ஏறிடுவா. இன்னொருத்தி இருக்கணும்ல?" என்றார். ஸ்கோர் தாளில் ஒருவர் பெயரைத்தான் எழுத முடியும் என்று தேவசகாயம் சார் சொல்லிப் பார்த்தார். "தாள்ல ஒண்ணு எழுதிக்கோங்க சார். எங்களுக்கு ரெண்டு" என்று முடித்துவிட்டார். இன்றுவரை எங்கள் கல்லூரி அணிக்கு இரண்டு கேப்டன்கள். இன்றுவரை இரண்டு பைகள். இப்போதைய பெண்கள் வேனில் போகிறார்கள், இருந்தாலும் ஒரு பையை முன்னாலும் ஒரு பையைப் பின்னாலும் வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் மேடம் வைக்கணும்" என்கிறார்கள்.

படிப்பு முடிந்தது. அக்கா பல்லாவரத்தில் தோல் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். கணவர் கேம்ப் ரோட்டில் ஷூ கடை வைத்தார், அவர் காலமான பிறகு அக்காவே நடத்தினார். நான் வங்கியில் சேர்ந்து ஊர் ஊராக மாற்றலாகிப் போய், ஒருவழியாகக் குரோம்பேட்டையில் வந்து விழுந்தேன். கோர்ட்டுக்கு மட்டும் போகவில்லை.

அக்கா போனார். கல்லூரியை விட்ட பிறகும் போனார், குழந்தை பிறந்த பிறகும் போனார். பயிற்சி தருவதற்காக அல்ல. இதை அழுத்தமாக எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு முறை ஆண்டு விழா அழைப்பிதழில் 'கௌரவப் பயிற்சியாளர்' என்று போட்டுவிட்டார்கள். அக்கா ஒரு பேனாவோடு போய், அலுவலகத்தில் அடுக்கியிருந்த அழைப்பிதழ்கள் ஒவ்வொன்றிலும் அதை அடித்துவிட்டு வந்தார். "நான் கோச் இல்ல. யாரும் வரலைன்னா ரெண்டாவது ஆளா நிக்கிறதுக்குப் போறேன், அவ்ளோதான்" என்றார். அது உண்மை. தேர்வு நேரங்களிலும் மழைக்காலத்திலும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு பெண் பந்தோடு வந்து நிற்பாள். தனியாக நிற்கும் பெண் பத்து நிமிடம் பார்ப்பாள், போய்விடுவாள். மறுநாள் வர மாட்டாள். அப்படித்தான் அணிகள் கலைகின்றன என்று அக்கா சொல்வார். அதனால் அந்தப் பெண் வரும்போது கோர்ட்டில் ஏற்கெனவே ஒருவர் இருப்பார். அவள் எறியும் பந்தை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். ஏழரைக்கு ஷட்டர் தூக்கக் கடைக்கு ஓடுவார்.

அவருக்குக் குறைகள் இல்லையா? இருந்தன. நடுவர்களிடம் விதி எண்ணைச் சொல்லிச் சண்டை போடுவார், அணியே வெட்கப்பட்டு அவரை வெளியே இழுத்துவரும். கோபம் வந்தால் லேசில் போகாது. அணியின் வெள்ளிவிழாவுக்குப் பழைய ஆட்டக்காரிகள் எல்லோரையும் ஒரு காட்சிப் போட்டிக்கு அழைத்தார். நான் வங்கியில் தணிக்கை என்று சொல்லிப் போகவில்லை. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே கூப்பிட்டு, "பின்னாடி கட்டின கைய அவுத்துடும்மா. மேட்ச் எப்பவோ முடிஞ்சுடுச்சு" என்றார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது, "ரெண்டாவது ஆளு எப்ப வரப்போறா?" என்று கேட்பார். நான் என் முழங்காலைக் காரணம் காட்டுவேன். "முட்டிக்குத் தனியா ஒரு சீட் போட்டுத் தரேன், நீ வா" என்பார்.

இதற்கிடையில் அணி வளர்ந்தது. சாய்ந்த வளையம் மாறியது. அரையிறுதிகள், இறுதிகள். எங்கள் பெண்கள் ரயில்வேயிலும் வங்கிகளிலும் காவல்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனார்கள். ஆளெடுப்பில் அக்காவுக்கென்று ஒரு தனி வழி இருந்தது. பெரிய பாதம் உள்ள பெண்கள் கடையில் தயங்கித் தயங்கி ஆண்கள் பக்கம் ஷூ தேடுவார்களாம். அக்கா பக்கத்தில் போய், "வெக்கப்படாத கண்ணு. இந்தக் கால் சும்மா வளரல. நீ எந்தக் காலேஜ்?" என்று ஆரம்பிப்பார். எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரிகளில் பாதிப் பேர் அந்த ஷூ அலமாரிக்குப் பின்னால் கண்டெடுக்கப்பட்டவர்கள்.

பிறகு கொரோனா வந்தது. கல்லூரி மூடித் திறந்தபோது பழைய ஆட்டக்காரிகள் படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தார்கள். மிஞ்சியவள் ஒருத்தி. கலைச்செல்வி. கோவளத்து மீனவர் வீட்டுப் பெண், கேம்ப் ரோட்டில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். அறுபதைத் தொட்டுவிட்ட ஜமீலா அக்காவும் அவளும், இரண்டே பேர், ஒரு பருவம் முழுக்கத் தினமும் காலையில் அந்தக் கோர்ட்டில் ஓடினார்கள். தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் கலைச்செல்வியின் அம்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாராம். "எம்மா, இந்த வயசுல நீ இன்னாத்துக்கு அதுகூட ஓடிக்கினு கீற? முட்டி பேந்துகினு பூடும்மா!"

"உம் பொண்ணு ஒண்டியா ஓடுதேம்மா" என்றிருக்கிறார் அக்கா.

அப்புறம் அந்த அம்மா சனிக்கிழமைகளில் அக்காவுக்கென்று வஞ்சிரம் எடுத்துவைக்க ஆரம்பித்தார். அதை மறுத்தால் சண்டைக்கு வருவார் என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஐந்து பேர்கூட இல்லாத அணியை நிறுத்திவிடலாம், கோர்ட்டில் இருசக்கர வண்டிகளை நிறுத்தலாம் என்று. பழைய மாணவிகள் சார்பில் அக்கா போய் உட்கார்ந்திருந்தார். "ஒரு பொண்ணுக்காக அவ்ளோ பெரிய எடத்த வெச்சிருக்கணுமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒண்ணு இல்ல சார், ரெண்டு. காலைல ஆறு மணிக்கு வந்து எண்ணிப் பாருங்க."

கல்லூரி முதல்வர் உண்மையாகவே வந்தார். தூறல் நாள். குடை பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். பந்து வழுக்க வழுக்க ஒரு மாணவியும், முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியம்மாவும் ஓடிக்கொண்டிருப்பதை அரை மணி நேரம் பார்த்தார். வருட முடிவுவரை அவகாசம் கொடுத்தார். கலைச்செல்வி எறிபந்து அணியிலிருந்து இருவரை இழுத்துவந்தாள். அக்கா ஷூ அலமாரியிலிருந்து மூவரைக் கொண்டுவந்தார். ஆறு பேர் ஆனார்கள். கோர்ட் தப்பியது.

போன வருடம் அந்த அணி மண்டலக் கோப்பையை வென்றது. எங்கள் அணியின் வரலாற்றில் முதல் கோப்பை. அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல முழங்காலைச் சொன்னேன். "சரி, போன்லயாவது பாரு" என்று கடைசிப் பத்து நிமிடங்களுக்கு வீடியோ அழைப்பில் வந்தார். நான் பார்த்தது அவருடைய காதையும், கொஞ்சம் வானத்தையும், நிறைய சிமெண்ட் தரையையும். ஆனால் கேட்டது எல்லாம். கடைசி விசில் ஊதியதும் அக்கா கத்திய கத்தலில் என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "ஜெயிச்சுட்டோம் சுகந்தி! ரெண்டு பேருமா ஜெயிச்சுட்டோம்!"

நான் என்ன ஜெயித்தேன்? அன்றைக்கே போயிருக்கலாம். மாடி ஏறும் அளவுக்கு என் முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

ஞாயிறு மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கச் செருப்புகள். மாடிப்படியில் அணிப் பெண்கள் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, அதற்குக் கீழே ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். கலைச்செல்வி இப்போது ரயில்வேயில் இருக்கிறாள், பணியிலிருந்து நேராக வந்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் அமைதியாக இருந்தது. ஏதோ விதியைச் சரிபார்த்து முடித்துவிட்டவர்போல இருந்தார்.

ஜனாஸா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டது. ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றோம். என் பக்கத்தில் நின்ற இப்போதைய நான்காம் எண் கேப்டன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "நாளைக்குப் பிராக்டிஸ் இருக்கான்னு ஜூனியர் பொண்ணு கேக்குறா மேடம். எங்களுக்கெல்லாம் நாளைலருந்து எக்ஸாம். அவளுக்கு மட்டும்தான் இல்ல. எப்பவும் எக்ஸாம் டைம்ல ஜமீலாம்மா வருவாங்க..."

அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து என் பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்தேன். அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. பரவாயில்லை என்று நடைப்பயிற்சிச் செருப்பை எடுத்து வைத்தேன். அக்கா பார்த்திருந்தால் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோர்ட்டில் இருந்தேன். தூங்குமூஞ்சிப் பூக்கள் சிமெண்ட் தரையில் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. யாரும் இல்லை. ரூல் புத்தகத்தில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் மேட்ச் போச்சு என்று இருப்பது எனக்குத் தெரியும், நடுவர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னதுதான். அந்த இரண்டு பேரில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். அங்கே நின்று அதை நினைத்தபோது, ஞாயிற்றுக்கிழமை அழுததுபோக மிச்சமிருந்த அழுகையெல்லாம் வந்தது.

ஆறு மணிக்கு முதலாண்டுப் பெண் ஒருத்தி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நல்ல உயரம். பெரிய பாதம். கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போவதா என்று தயங்கினாள்.

"யாரும் வரலையா மேடம்?"

"ரெண்டு பேர் இருக்கோமே" என்றேன்.

அவள் பந்தை எறிந்தாள். கைகளை முன்னால் கொண்டுவந்து பிடித்தேன்.

போய் வாருங்கள், அக்கா. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.